அம்மா முடிந்து வைத்த தாராக் காசு

என் குணம், எங்கள் வீட்டுச் சின்னவனே,

விலாசம் இல்லாத கடிதங்களை என்ன செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருஷமாகத் தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவள் உன் அக்கா. அவற்றைச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம்; அங்கே யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு எரித்துவிடுவார்களாம். இதை அங்கே அனுப்பப் போவதில்லை. நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கும் கேட்கட்டும்.

முதலில் ஊர்ப்புதினம் சொல்கிறேன், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். மழை பிந்தினாலும் வந்துவிட்டது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். உன் சைக்கிளை நான்தான் ஓடுகிறேன், பிரேக் இன்னும் நீ விட்டுப்போன நிலைமையில்தான் இருக்கிறது. சந்தியில் இப்போது இந்திய ஆமி நிற்கிறது. காலையில் என் தபால்பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். கடலோரக் களப்பில் ஊசிவால் தாராக்கள், அந்தக் காட்டு வாத்துகள், வந்து இறங்கியிருக்கின்றன, வழக்கத்தைவிடக் கூட. பிடிக்க ஆளில்லை என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது போல.

உன்னைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் இப்போது, பறவைகளில் உயிராயிருந்த பிள்ளை என்று சொல்கிறார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். நீ தாராக்களில் உயிராகத்தான் இருந்தாய், மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பிறகு. கண்ணி வைத்து இரண்டு மூன்றைப் பிடித்துச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டு, என்னவோ இராச்சியம் பிடித்தவன் மாதிரி வந்து நிற்பாய். இறந்து போனவர்களை நல்லவர்களாக்குவதில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை.

எண்பத்திரண்டு மார்கழியில் பிடித்த அந்த ஒன்றின் காலில் வளையம் கிடந்தது. அம்மா இறகு பிடுங்கும்போதுதான் கண்டா. மெல்லிய அலுமினிய வளையம், அதில் இலக்கமும், வடக்கே பனி விழுகிற ஒரு நாட்டின் விலாசமும். கண்டவர்கள் அறிவிக்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் களப்புக்கு வந்த சீவன் என்று நீ வாயைப் பிளந்தாய். அதற்குள் அது பாதி கறியாகிவிட்டது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பூமணியக்காவும் வந்து ஒரு கால் தின்றா என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அவர்களுக்குக் கடிதம் எழுதித்தரச் சொல்லி நீ இரண்டு நாள் என் காலைச் சுற்றினாய். என் அரைகுறை இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். இலக்கம், இடம், நாள் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, பறவைக்கு என்ன நடந்தது என்கிற இடத்தில் வந்து நின்றேன். தின்றோம் என்று எழுத உனக்கு வெட்கம். "பறந்திட்டுதெண்டு எழுதக்கா" என்றாய். கறிச்சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்க, வளையத்தைக் கழற்றிவிட்டுப் பறவையைப் பறக்கவிட்டோம் என்று நான் எழுதினேன். எழுதும்போது இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

நாலைந்து மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் பார்சல் வந்தது. நானே பாரமெடுத்து, நானே கையெழுத்து வாங்கி, நானே உன்னிடம் தந்தேன். நீலப் பெட்டி, உள்ளே பளிங்கு மாதிரி ஒரு வட்டக் கூடு, கூட்டுக்குள் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் அவர்களுடைய நாட்டு முத்திரை. மற்றப் பக்கம் நாணலுக்குள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற ஊசிவால் தாரா, அதன் வால் காசின் விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் செல்லாத காசு அது. சேர்த்து வைக்கிறவர்களுக்கென்றே கொஞ்சம் அடித்ததாம். பறவையை உயிரோடு விட்டதற்கு நன்றி என்று ஒரு துண்டு. விரல் பட்டால் வெள்ளி கெட்டுவிடும், விளிம்பில் மட்டும் பிடிக்கவும் என்று இன்னொரு துண்டு.

அதைப் பார்த்து நீ சொன்ன முதல் விமரிசனம், "செட்டையில இந்தக் கோடு பிழை" என்பதுதான். பிடுங்கிப் பார்த்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தக் காசில் நீ வைத்த பவுத்திரம், அந்தக் கவனம்! யாருக்காவது காட்டுவதென்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாய். சாமி கும்பிடப் போகும்போதுகூட நீ அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டம், குணம். சுருக்கமாக எழுதுகிறேன்.

எண்பத்தைந்து மாசியில், அறுவடை முடிந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீயும் முருகேசும் உழவுமெசினில் நெல் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனீர்கள். முருகேசுவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து எங்கள் வாய்க்காலுக்கு அங்கால் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வயலில்தான் வேலை, எங்கள் குசினியில்தான் சாப்பாடு. பெரிய றோட்டில் ஆமி மறித்தது. மெசின் பத்தைக்குள் கிடந்தது, நெல்மூட்டை அப்படியே இருந்தது, உங்கள் இரண்டு பேரையும் காணவில்லை. நானும் அம்மாவும் முகாம் வாசலில் இரண்டு நாள் நின்றோம். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மா தலை முழுகிவிட்டு வந்து உனக்காகக் கோயில் அம்மாளுக்குக் காசு முடிந்தா. நேர்த்தி வைத்துக் காசை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டால் அது அம்மாளின் காசு. கேட்டது கிடைத்த பிறகுதான் அவிழ்த்துக் கோயிலில் போடலாம். இடையில் அவிழ்க்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. வீட்டில் சில்லறை இருந்தது. ஆனால் பிள்ளையின் உயிரைக் கேட்கும்போது சில்லறையை நீட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் திறந்து, கூட்டை உடைத்து, விரல் படக்கூடாத உன் தாராக் காசை மஞ்சள் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் குங்குமம் வைத்து முடிந்து, சாமிப்படத்து ஆணியில் கட்டினா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை, நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஆடி மாதம் வரை அம்மா நம்பிக்கையோடு இருந்தா. ஒருநாள் பூமணியக்கா வந்து சாமிப்படத்தைப் பார்த்துவிட்டு, அது என்ன காசு என்று கேட்டா. அம்மா சொன்னா. பூமணியக்கா நாடியில் கை வைத்தா. ஒரு சீவனைக் கொன்று தின்றுவிட்டு, விட்டோம் என்று பொய் சொல்லி வாங்கின காசை அம்மாளுக்கு முடியலாமோ, அம்மாள் அதை ஏற்பாவோ என்று கேட்டுவிட்டு, சீனி ஒரு கொத்து கடன் வாங்கிக்கொண்டு போனா. ஒரு கால் தின்றது அவவுக்கு ஞாபகமில்லை. எனக்கு இன்றைக்கும் அவவைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அன்றையிலிருந்து அம்மா அம்மாவாக இல்லை. நீ வராததற்கு ஆமி காரணமில்லை, தான் முடிந்த பொய்க்காசுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டா. மாற்றவும் முடியாது, அது அம்மாளுடையது. வைத்திருக்கவும் முடியாது, அது பொய். மீனை விட்டா. இரவுச் சாப்பாட்டை விட்டா. வெள்ளிக்கிழமைகளில் செருப்பில்லாமல் நாலு மைல் நடந்து கோயிலுக்குப் போனா.

என்னை இருத்தி வைத்து அந்த நாட்டுக்கு உண்மையை எழுதச் சொன்னா. எழுதினேன்: மன்னிக்கவும், அந்தப் பறவையை நாங்கள் தின்றுவிட்டோம். அதற்கும் பதில் வந்தது, தெரியுமா? ஒரு கோபமும் இல்லை. வளையங்கள் கனபேரிடமிருந்து அப்படித்தான் வருகின்றனவாம், சட்டிக்குள் போனாலும் இலக்கம் இலக்கம்தானாம், காசை எப்படியும் அனுப்பித்தான் இருப்பார்களாம். எங்கள் பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை, குணம். வாசித்துக் காட்டினேன். "அவை வெள்ளைக்காரர், மன்னிப்பினம். அம்மாள் உந்தக் கதை கேக்கமாட்டா" என்றுவிட்டு அம்மா எழும்பிப் போனா.

அடுத்த வருஷம் மாசியில் தபால் பிரிக்கும்போது இந்திய முத்திரையோடு ஒரு கடிதம் என் கையில் வந்தது. அம்மாவின் பெயருக்கு. எழுத்தைக் கண்டவுடனே தெரிந்துவிட்டது. முருகேசு உயிரோடு இருக்கிறான். எட்டு மாதம் தடுத்து வைத்து விட்டுவிட்டார்களாம். வீட்டுக்கு வரப் பயந்து வள்ளமேறி, அங்கே அகதி முகாமில் இருக்கிறானாம். கந்தோரின் பின்கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே உடைத்தேன்.

"அம்மா, எப்படி எழுதுறதுன்னு தெரியல. உங்க மகன் அன்னைக்கே போயிட்டாரு. செவ்வாக்கெழமையே" என்று தொடங்கியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை. அம்மா காசு முடிந்தது வெள்ளிக்கிழமை. அம்மா மஞ்சள் தண்ணீரில் அந்தக் காசைக் கழுவும்போது நீ இறந்து மூன்று நாள். அந்தக் காசு பொய்யோ மெய்யோ, உன்னைக் காப்பாற்றவும் இல்லை, கொல்லவும் இல்லை. அம்மாவின் தலையிலிருந்த பழியை இறக்கி வைக்கிற கடிதம் என் கையில் இருந்தது. ஆனால் பழியை இறக்குவதென்றால் உன்னைக் கொல்ல வேண்டும். அம்மா விரதம் இருந்ததும் வெறுங்காலில் நடந்ததும், பிழையைக் கழுவினால் நீ திரும்பி வருவாய் என்றுதானே? குற்றமும் நம்பிக்கையும் ஒரே முடிச்சில் கிடந்தன. எதை அவிழ்த்தாலும் மற்றதும் போய்விடும்.

கந்தோரில் சேர்ந்த அன்றைக்குச் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தவள் நான். ஒருவருக்கு வந்த கடிதத்தை மறிக்க மாட்டேன் என்று. பதினாறு வருஷத்தில் ஒரேயொரு கடிதத்தைத்தான் மறித்தேன், அது என் தாய்க்கு வந்தது. பங்குனி போகட்டும் என்று நினைத்தேன். பிறகு சித்திரை போகட்டும் என்று. பிறகு சண்டை, பிறகு இந்திய ஆமி, பிறகு ஒரு காரணமும் தேவைப்படவில்லை. கடிதம் கந்தோர் அலுமாரியில் படிவங்களுக்கு அடியில் கிடந்தது. மூன்றரை வருஷம், குணம். நீயென்றால் என்ன செய்திருப்பாய்? சிரிப்பாய், தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கோயிலால் வரும் வழியில் வாய்க்கால் கரையில் விழுந்துவிட்டா. ஆட்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்போதிக்கரி ஐயா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, உன் தாய்க்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை, பட்டினிதான் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சி கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த திருவிழாவுக்குத் தீ மிதிக்கப் போவதாகச் சொன்னா. அறுபத்திரண்டு வயது, எழும்பி நிற்க முடியவில்லை. அப்போதும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னா.

நான் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, சைக்கிளில் கந்தோருக்குப் போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். குசினியில், எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு முன்னால் இருந்து வாசித்தேன். முதல் பக்கத்தை மட்டும்.

அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விரலில் எண்ணினா.

"எந்தச் செவ்வாய்?"

"கொண்டுபோன அண்டைக்கே, அம்மா."

"அப்ப நான் காசு முடியேக்கை?"

"தம்பி இல்லையம்மா. மூண்டு நாளுக்கு முன்னமே இல்லை."

"அப்ப காசிலை பிழையில்லை" என்றா. கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தா. எப்போது வந்தது என்று கேட்டா. சொன்னேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தா.

"மூண்டரை வரியமா நான்தான் என்ரை பிள்ளையைக் கொண்டனான் எண்டு இருந்தன். நீ பாத்துக்கொண்டு இருந்தனீ."

நீ செத்ததற்காக அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத்தான் சொன்னா. நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவைக் கழுமரத்தில் விட்டு வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், காப்பாற்றினது என்னைத்தான். அம்மாவின் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயம்.

பிறகு எல்லாம் அம்மாவே செய்தா. உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி ஐயர் தர்ப்பைப் புல்லில் உனக்கு ஒரு உருவம் கட்டினார். அம்மா மஞ்சள் முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தா. காசு கறுத்துப் போயிருந்தது. அம்மாவின் ஊரில் செத்தவரின் நெற்றியில் காசு வைப்பார்களாம், இங்கே எல்லோரும் செய்வதில்லை. நேர்ந்த காசை எடுக்கலாமோ என்று ஐயர் இழுத்தார். அம்மாளோடு தான் கதைத்துக் கொள்வதாக அம்மா சொன்னா. அந்தப் புல் உருவம் என் கை நீளம்கூட இல்லை. நெற்றியில் வைத்த காசு முகம் முழுவதையும் மூடிவிட்டது. ஆறடி வளர்ந்தவன் நீ. அந்த இடத்தில்தான் நான் குழறி அழுதேன். அப்படியே நெருப்பு வைத்தோம், சாம்பலோடு சேர்த்து அந்தக் காசையும் கடலில் விட்டோம்.

அம்மா இப்போது சாப்பிடுகிறா. மத்தியானத்தில் ஒரு குட்டி நித்திரையும் கொள்கிறா. என்னோடு கதைப்பது மட்டும் குறைவு, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதற்கு நான் உரித்துடையவள்தான்.

ஆனால் குணம், நான் இன்னும் முடிக்கவில்லை. அன்றைக்குக் குசினியில் அம்மா கடைசியாக ஒன்று கேட்டா. கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி, "உடனையோ போனவன்?" என்றா.

நான் "ஓம் அம்மா, உடனை" என்றேன்.

உடனே இல்லை. முருகேசு பின்பக்கத்தில் நாலு வரி எழுதியிருக்கிறான். ட்ரக்குக்குள் பொழுது சாயும் வரை உனக்கு உயிர் இருந்தது. நீ தண்ணீர் கேட்டாய். அவனுடைய கை பின்னால் கட்டியிருந்தது, தர முடியவில்லை. கடைசியில் அவனையே அம்மா என்று கூப்பிட்டாயாம். அவன் "என்ன ராசா" என்று கேட்டானாம். அதன் பிறகு நீ ஒன்றும் கேட்கவில்லையாம்.

மூன்றரை வருஷப் பொய்க்கு மன்னிப்புக் கேட்ட அதே வாயால், மூச்சு விடுகிற நேரத்துக்குள் இன்னொன்றைச் சொன்னேன். அம்மா நம்பிவிட்டா. எல்லோரும் சொல்வார்கள், அது பாவமில்லை, அந்த ஒன்றையாவது அந்த மனுசிக்கு விட்டுவை என்று. நானும் நாலு இரவு அப்படித்தான் என்னைத் தேற்றினேன். ஆனால் அம்மாவுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நிறுத்துப் பார்க்கிற தராசை என்னிடம் யார் தந்தார்கள்? ஒருமுறை நிறுத்துப் பிழை விட்டவள் நான்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், அடிக்கிற அச்சகத்தார், உன் படத்துக்குக் கீழே போட நாலு வெண்பா கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பெயரை மட்டும் மாற்றிப் போடுகிற அந்த வெண்பா எனக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கும், பூமணியக்காவின் கையிலும்.

அதற்கு முதல் அம்மாவுக்குத் தெரிய வேண்டும், என் வாயால். நாளைக்குக் காலையில் இதை அச்சகத்தில் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் இருந்து அந்த நாலு வரியையும் வாசிப்பேன். எனக்கு அடித்தாலும், இனி என் முகத்தில் முழிக்காவிட்டாலும் வாசிப்பேன். நீ கடைசியாகக் கூப்பிட்டது அம்மாவை. அது அம்மாவுக்கு வந்த அழைப்பு. அதை நான் மறிக்க மாட்டேன், என் சின்னவனே, இது சத்தியம்.

ஒரே வயிற்றில் உனக்கு முன்னால் பிறந்தவள்,
மனோ அக்கா